அவுட்போர்டு படகின் வேகம்: ப்ரொப்பெல்லரும் மோட்டார் உயரமும்

அவுட்போர்டு மோட்டார், அதாவது பின்பலகைக்கு வெளியே தொங்கும் மோட்டார், பூட்டிய படகு எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை என்றால், சுற்றியிருப்பவர்களிடமிருந்து இரண்டு யோசனைகள் உடனே வந்து விழும். ஒன்று, "பிட்ச் கூடுதலான ப்ரொப்பெல்லர் மாட்டிப் பாருங்கள்." அதாவது ஒரு சுற்றில் படகை அதிக தூரம் தள்ளும் சுழல்விசிறி. இன்னொன்று, "மோட்டாரை நன்றாக ஆழத்தில் இறக்குங்கள், அப்போதுதான் தண்ணீரைப் பிடிக்கும்." முதல் யோசனையைக் கேட்டுப் பணம் செலவழித்த பலருக்குப் படகு முன்பைவிட மந்தமாகத்தான் ஓடியிருக்கும். இரண்டாவது யோசனை, வேகப் படகைப் பொறுத்தவரை பெரும்பாலும் தலைகீழானது.

இந்த இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மோட்டார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து எந்த ப்ரொப்பெல்லர் பொருந்தும் என்பது மாறும். ப்ரொப்பெல்லரை மாற்றினால் மோட்டாரை எவ்வளவு தூக்கலாம் என்பதும் மாறும். கணக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த வரிசையில் யோசிப்பது என்று தெரிந்துகொண்டால் போதும்.

## ஒரே கியர் உள்ள வண்டி

கொல்லிமலை ஏற்றத்தில் பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு பைக்கை நாலாவது கியரில் ஓட்டினால் என்ன ஆகும்? நாலாவது கியர் வேகத்துக்கான கியர்தான். ஆனாலும் இன்ஜின் திணறும், சுற்று இறங்கும், வண்டி முக்கி முக்கி நகரும். இரண்டாவதுக்கு இறக்கினால் இன்ஜின் மூச்சு விட்டுச் சுற்றத் தொடங்கும். அதே ஏற்றத்தில் வண்டி வேகமாகவும் ஏறும்.

படகுக்கு முன்னோக்கி ஓட ஒரே ஒரு கியர்தான். அந்த ஒரு கியர் பெரியதா சிறியதா என்பதைப் ப்ரொப்பெல்லர் தீர்மானிக்கிறது. தண்ணீரில் போன பிறகு மாற்ற முடியாது. கரையிலேயே சரியாகத் தேர்ந்தெடுத்து மாட்டியாக வேண்டும்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மோட்டாரின் மூடியில் "115 எச்.பி." என்று எழுதியிருந்தால், அந்தக் குதிரைத்திறன் எல்லாச் சுற்றிலும் கிடைக்கும் என்று பொருள் இல்லை. ஒரு குறிப்பிட்ட சுற்றை எட்டினால்தான் அது முழுமையாக வெளிவரும். அந்த எல்லையைத் தயாரிப்பாளர் கையேட்டில் கொடுத்திருப்பார். ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்தபோது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதே அந்த எண். இதைத்தான் ஆர்.பி.எம். என்கிறோம். இன்றைய நடுத்தர அளவு நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றுக்கு இது 5000 முதல் 6000 வரை. சிறிய மோட்டார்களுக்கும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கும் வேறு எல்லை இருக்கும். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே உங்களுக்குக் கணக்கு.

வழக்கமான சுமையோடு, முழு ஆக்ஸிலரேட்டரில், இன்ஜின் அந்த எல்லையின் மேல் பாதிக்குள் சுற்ற வேண்டும். 5000 முதல் 6000 என்றால் 5500-க்கு மேல். இந்த ஒரு நிபந்தனை நிறைவேறாதவரை வேறு எதைப் பேசியும் பயன் இல்லை.

எல்லைக்குக் கீழேயே நின்றுவிட்டால் ப்ரொப்பெல்லர் அந்தப் படகுக்குப் பெரியது. வேகம் குறைவது மட்டும் இல்லை, முழு ஆக்ஸிலரேட்டரில் தொடர்ந்து திணறினால் பிஸ்டன், பேரிங் எல்லாம் அடிவாங்கும். எல்லையைத் தாண்டிச் சுற்றினால் ப்ரொப்பெல்லர் சிறியது. நவீன மோட்டார்களில் சுற்றுக் கட்டுப்பாட்டுக் கருவி இன்ஜினை அடக்கிவிடும். அது இல்லாத பழைய மோட்டார்களில் இன்ஜினே சேதமாகலாம்.

ஆகவே முதலில் வாங்க வேண்டிய பொருள் ப்ரொப்பெல்லர் அல்ல, இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர். அது இல்லாமல் ப்ரொப்பெல்லர் வாங்குவது இருட்டில் கை வைப்பதுதான்.

## ப்ரொப்பெல்லரில் உள்ள இரண்டு எண்கள்

ப்ரொப்பெல்லரின் நடுக்குடத்தில் "13 × 17" என்பது போல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். இரண்டும் அங்குலக் கணக்கு.

முதல் எண் விட்டம். இறக்கைகளின் நுனிகள் போடும் வட்டத்தின் அகலம் இது. விட்டம் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் அதிகத் தண்ணீரைத் தள்ளும். பாரம் சுமக்கும் மெதுவான படகுகளுக்கு இது முக்கியம். வேகப் படகுக்காரர் விட்டத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட மோட்டாருக்குப் பொருந்தும் ப்ரொப்பெல்லர்களில், பிட்சுக்கு ஏற்ற விட்டத்தைத் தயாரிப்பாளரே தந்துவிடுகிறார்.

இரண்டாவது எண் பிட்ச். ப்ரொப்பெல்லர் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது, வழுக்கலே இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதுதான் பிட்ச். 17 பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 17 அங்குலம். கியர் என்று சொன்னது இதைத்தான்.

பிட்சை 1 அங்குலம் குறைத்தால் முழு ஆக்ஸிலரேட்டரில் சுற்று சுமார் 150 முதல் 200 வரை கூடும். 1 அங்குலம் கூட்டினால் அதே அளவு இறங்கும். இது தோராயமான விதிதான், ஆனாலும் நன்றாக உழைக்கும் விதி. 5000–6000 எல்லை உள்ள மோட்டார் 19 பிட்ச் ப்ரொப்பெல்லரோடு 5100 மட்டுமே எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 5500-ஐத் தொட இன்னும் 400 தேவை. அதற்கு 2 முதல் 3 அங்குலம் குறைக்க வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு இரண்டு அங்குல இடைவெளியில்தான் ப்ரொப்பெல்லர் தருகிறார்கள். எனவே 17-ல் தொடங்கிப் பார்ப்பது சரி.

இப்படிக் குறைத்ததும் உச்ச வேகம் எகிறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில சமயம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் கூடும். சில சமயம் அதுவும் கூடாது. ஆனால் படகு சீக்கிரம் நீர்மேல் ஏறும், அதாவது தண்ணீரைக் கிழிப்பதை விட்டு அதன் பரப்பில் வழுக்கி ஓடும். பாரம் ஏற்றினாலும் சோர்ந்து போகாது. உச்ச வேகத்துக்கான மீதி வேலை மோட்டார் உயரத்தில் இருக்கிறது.

## ஸ்லிப் என்பது திருட்டு அல்ல

வழுக்கலே இல்லாவிட்டால் என்று சொன்னேன். தண்ணீரில் வழுக்கல் இல்லாமல் எந்தப் ப்ரொப்பெல்லரும் ஓடாது. கணக்குப்படி போக வேண்டிய வேகத்துக்கும் உண்மையில் போகும் வேகத்துக்கும் உள்ள இடைவெளி ஸ்லிப். இதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வது வழக்கம்.

கணக்கு எளிது. ஆர்.பி.எம்.-ஐக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்சால் பெருக்கி, 0.001524-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வந்துவிடும். கியர் விகிதம் என்பது ப்ரொப்பெல்லர் ஒரு முறை சுற்ற இன்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண். கையேட்டில் இருக்கும்.

உதாரணத்துக்கு இன்ஜின் 5500, கியர் விகிதம் 2, பிட்ச் 17 என்று எடுத்துக்கொள்வோம். ப்ரொப்பெல்லர் 2750 முறை சுற்றுகிறது. கணக்கு வேகம் 71.2 கி.மீ. ஜி.பி.எஸ். காட்டுவது 62 கி.மீ. என்றால் ஸ்லிப் 13 சதவீதம். இலகுவான வேகப் படகுக்கு 10 முதல் 15 சதவீதம் என்பது நல்ல நிலை. பாரப் படகுகளில் 20-ஐத் தாண்டுவது இயல்பு.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 13 சதவீத ஸ்லிப் என்றால் இன்ஜின் சக்தியில் 13 சதவீதம் வீணாகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இறக்கை தண்ணீரைச் சற்றுச் சாய்கோணத்தில் சந்தித்தால்தான் அதைப் பின்னால் தள்ள முடியும். அந்தச் சாய்கோணத்தால் வருவதுதான் ஸ்லிப். ஸ்லிப் சுழியமானால் தள்ளுவிசையும் சுழியம். எனவே ஸ்லிப்பை ஒழிக்கப் பார்க்காமல், அதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாற்றம் செய்த பிறகு ஸ்லிப் திடீரென்று ஏறினால், ப்ரொப்பெல்லர் தண்ணீரை விட்டுவிட்டு வேறு எதையோ பிடிக்கிறது என்று பொருள். அந்த வேறு எது என்பதைக் கீழே பார்ப்போம்.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். இன்ஜின் எல்லையின் மேல் பாதியை எட்ட வேண்டும், அதற்குப் பிட்சைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ப்ரொப்பெல்லர் தண்ணீரை ஒழுங்காகப் பிடிக்கிறதா என்பதை ஸ்லிப் காட்டும்.

## ஒரே பிட்ச், வேறு வேறு குணம்

ஒரே பிட்ச் பொறித்த இரண்டு ப்ரொப்பெல்லர்கள் ஒரே மாதிரி ஓடும் என்று எண்ண வேண்டாம். இறக்கையின் வடிவம் நிறைய மாற்றும்.

இறக்கையின் பின்விளிம்பில் சிறு மடிப்பு ஒன்று இருக்கும். அது கப். காற்றுக் குமிழ்கள் கலந்த தண்ணீரிலும் இறக்கை பிடி விடாமல் இருக்க இது உதவும். கப் அதிகமானால் ப்ரொப்பெல்லர் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை பிட்ச் கூடியது போல நடந்துகொள்ளும். இறக்கைகள் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு ரேக். ரேக் கூடினால் படகின் முன்பகுதியான அணியம் மேலே எழும்பும், தண்ணீரில் உரசும் அடிப்பாகம் குறையும். மோட்டாரைத் தூக்கி வைக்க விரும்புபவருக்குக் கப், ரேக் இரண்டும் தேவை.

மூன்று இறக்கையா, நான்கா? உச்ச வேகம் மட்டுமே குறி என்றால் பெரும்பாலும் மூன்று. வளைவில் பிடிப்பு, நடுவேகத்தில் நிதானம், பின்பகுதியைத் தூக்கிப் பிடிப்பது எல்லாவற்றுக்கும் நான்கு. சிலருக்கு நான்கு இறக்கை மோட்டாரை இன்னும் கொஞ்சம் தூக்க இடம் கொடுப்பதால், உச்ச வேகத்திலும் பெரிய இழப்பு இருக்காது.

அலுமினியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்பது பணம் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட. ஸ்டீலின் இறக்கையை மெல்லியதாகச் செய்யலாம், அழுத்தத்தில் அது வளையாது. வேகத்துக்கு ஸ்டீல்தான். ஆனால் பாறையும் மணல் திட்டும் உள்ள ஆழமற்ற நீரில் அலுமினியமே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. இறக்கை வளைந்து போனாலும் உள்ளே இருக்கும் விலை உயர்ந்த கியர்கள் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

## காற்று வேறு, நீராவி வேறு

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இன்ஜின் அலறும், சுற்று எகிறும், படகு மட்டும் தளர்ந்துவிடும். இதை எல்லோரும் கேவிடேஷன் என்று சொல்லிவிடுகிறார்கள். அவுட்போர்டு படகுகளில் பத்தில் ஒன்பது முறை அது கேவிடேஷன் இல்லை.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தோம். அது சாதாரணக் காற்றழுத்தத்தில் மட்டுமே உண்மை. அழுத்தம் மிகவும் குறைந்தால், கை பொறுக்கும் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகும். வேகமாகச் சுற்றும் இறக்கையின் ஒரு பக்கத்தில் தண்ணீர் பின்னோக்கித் தள்ளப்படும்போது, மறுபக்கத்தில் அழுத்தம் சரிகிறது. அது எல்லை மீறிச் சரிந்தால் அங்கே நீராவிக் குமிழ்கள் பிறக்கும். கொஞ்சம் தள்ளிப் போனதும் அழுத்தம் திரும்ப வர, குமிழ்கள் நொறுங்கும். இதுதான் கேவிடேஷன். அந்த நொறுங்கலின் அடி உலோகத்தையே அரிக்கும். இறக்கையில் பெயின்ட் கருகியது போன்ற திட்டுகளும் குழிகளும் தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். முன்விளிம்பில் ஒரு சிறு நெளிவு இருந்தாலே அதற்குப் பின்னால் இது தொடங்கிவிடும்.

இந்தச் சிக்கலின் பெயர் பெற்ற பழைய உதாரணம், இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் 1894-ல் நீரில் இறக்கிய டர்பினியா என்ற கப்பல். நீராவி டர்பைன் பொருத்திய முதல் கப்பல் அது. ஒரே தண்டில் ப்ரொப்பெல்லர் அதிவேகமாகச் சுற்றியும், கப்பல் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. சக்தியில் பெரும்பங்கு நீராவிக் குமிழ்களில் போய்க்கொண்டிருந்தது. தண்டுகளை மூன்றாக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று ப்ரொப்பெல்லர் வீதம் ஒன்பதாகச் சுமையைப் பிரித்தார் பார்சன்ஸ். 1897-ல் ஸ்பிட்ஹெட் கடற்படை அணிவகுப்பில் அது 34 நாட் (மணிக்கு சுமார் 63 கி.மீ.) அளவு வேகத்தில் ஓடிப் பார்த்தவர்களை வாயடைக்க வைத்தது.

அவுட்போர்டில் நாம் அடிக்கடி காண்பது வென்டிலேஷன். நீர்ப்பரப்பிலிருந்து காற்றோ, மோட்டாரின் புகையோ இறக்கைக்குள் இழுக்கப்படுவதுதான் அது. இறக்கை தண்ணீருக்குப் பதில் காற்றைக் கலக்குகிறது, சுமை இல்லாததால் இன்ஜின் அலறுகிறது. ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே மோட்டார்க் காலில் படுக்கையாக ஒரு தட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து காற்று இறங்காமல் தடுப்பதே அதன் வேலை. பலர் அதைக் கேவிடேஷன் தட்டு என்று அழைத்தாலும் நீராவிக் குமிழ்களை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், மருந்து வேறு. கேவிடேஷன் என்றால் இறக்கையைச் சரிசெய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். வென்டிலேஷன் என்றால் முதலில் பார்க்க வேண்டியது மோட்டார் உயரம், ட்ரிம் எனப்படும் மோட்டாரின் சாய்வு, அப்புறம் கப்.

## தூக்கினால் ஏன் வேகம்

இப்போது மோட்டார் உயரத்துக்கு வருவோம்.

ஓடும் படகைப் பின்னுக்கு இழுப்பவை எவை? படகின் அடிப்பாகம் தண்ணீரில் உரசுகிறது, மேல்பாகத்தில் காற்று மோதுகிறது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மோட்டாரின் கால் தண்ணீருக்குள் ஒரு தடுப்புப் போல நிற்கிறது. கியர்கள் அடங்கிய குண்டுப் பகுதி, அதற்கு மேலே நிற்கும் தண்டு, கீழே துடுப்பு போன்ற ஸ்கெக், எல்லாமே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். வேகம் இரட்டிப்பானால் இதன் இழுவை நான்கு மடங்காகும். அந்த இழுவையை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். மெதுவான படகில் இது ஒரு பொருட்டே இல்லை. வேகம் ஏற ஏற, இன்ஜின் சக்தியில் கணிசமான பங்கை இந்தக் காலே விழுங்கிவிடும்.

மோட்டாரை 1 அங்குலம் தூக்கினால் அந்தக் காலில் 1 அங்குலம் தண்ணீருக்கு வெளியே வந்துவிடுகிறது. இழுவை குறைகிறது, சுற்று கூடுகிறது, வேகம் கூடுகிறது. ஆழத்தில் இறக்கினால் பிடிப்பு கிடைக்கும் என்ற வாதம் இங்கேதான் சறுக்குகிறது. தேவையான பிடிப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டால், அதற்கு மேல் இறக்கும் ஒவ்வொரு அங்குலமும் வெறும் இழுவைதான். மோட்டார் மிகத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் காலில் மோதி மேலே சீறும், ஸ்டீயரிங் கனக்கும், அணியம் கீழே அழுந்தும்.

தொடக்க நிலை எது? படகின் பின்பலகையில், அதாவது ட்ரான்சத்தில், அடிப்பாகத்தின் மிகக் கீழான கோட்டோடு அந்தப் படுக்கைத் தட்டு சமமாக இருக்க வேண்டும். ஒரு நேரான மரச்சட்டத்தைப் படகின் அடியில் வைத்து, பின்னால் நீட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மோட்டார் தாங்கியில் போல்ட் துளைகள் சுமார் முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கும். அதனால் ஒரு துளை மாற்றினால் சுமார் 19 மில்லிமீட்டர் ஏறும் அல்லது இறங்கும். வி வடிவ அடிப்பாகம் உள்ள வேகப் படகுகளில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு துளை உயர்த்த இடம் உண்டு.

இதற்கும் மேல் போக விரும்புபவர்கள் ஜாக் பிளேட் பயன்படுத்துகிறார்கள். ட்ரான்சத்துக்கும் மோட்டாருக்கும் நடுவே பொருத்தும் உலோகத் தாங்கி இது. மோட்டாரை மேலும் கீழும் நகர்த்துவதோடு, சில அங்குலம் பின்னாலும் தள்ளி வைக்கும். பின்னால் தள்ளுவது ஏன் உதவுகிறது என்றால், படகின் அடிப்பாகம் அழுத்திக்கொண்டு வரும் தண்ணீர், ட்ரான்சத்தின் விளிம்பைத் தாண்டியதும் மெல்ல மேலே எழும்புகிறது. பின்னால் போகப் போகத் தண்ணீர் மட்டம் உயரும், மோட்டாரும் உயரலாம். 8 முதல் 10 அங்குலம் பின்னால் போனால் சுமார் 1 அங்குலம் மேலே தூக்கலாம் என்பது தோராயக் கணக்கு. ஆனால் நெம்புகோல் நீளம் கூடுவதால் ட்ரான்சத்தின் மேல் விழும் சுமை கூடும். பழைய ஃபைபர் படகுகளில் ட்ரான்சத்தின் உள்ளே இருக்கும் ஒட்டுப்பலகை ஊறி உளுத்திருக்கலாம், அதைச் சோதிக்காமல் ஜாக் பிளேட் மாட்டக் கூடாது. புதிதாகத் துளை போட்டால் படகுக்கான சீலன்ட் பூசி மூடாமல் விடக் கூடாது.

எல்லையின் உச்சத்தில் பந்தயப் படகுகள் இருக்கின்றன. ஃபார்முலா ஒன் பவர்போட் பந்தயத்தில் ஓடும் கேட்டமரான்கள் (இரட்டை அடிப்பாகப் படகுகள்) அவுட்போர்டு மோட்டாரில்தான் ஓடுகின்றன. 2018 நவம்பரில் அமராவதியில் கிருஷ்ணா ஆற்றில் நடந்த சுற்றில் அவற்றை நம் பக்கத்துக்காரர்கள் நேரிலேயே பார்த்தார்கள். அந்தப் படகுகளில் மோட்டார் அவ்வளவு உயரத்தில் நிற்பதால், ப்ரொப்பெல்லரின் ஒரு பகுதி தண்ணீருக்கு வெளியிலேயே சுற்றும். அதற்கென்றே வடித்த இறக்கைகள் அவை. நம் படகில் சாதாரணப் ப்ரொப்பெல்லரை வைத்துக்கொண்டு அதை முயன்றால் வெறும் நுரைதான் மிஞ்சும்.

## எங்கே நிறுத்துவது

தூக்கிக்கொண்டே போக முடியாததற்குக் காரணங்கள் உண்டு. இவற்றில் முதலாவதை அலட்சியம் செய்தால் மோட்டாரே போய்விடும்.

மோட்டாரைக் குளிரவைக்கும் தண்ணீர், காலின் பக்கங்களில் உள்ள துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. மோட்டார் உயர உயர அந்தத் துளைகள் பரப்பை நெருங்கும், தண்ணீரோடு காற்றும் உள்ளே போகும். பின்னால் பீய்ச்சும் சிறு நீர்த்தாரையைப் பார்த்துத் திருப்தி அடைவது போதாது. பம்ப் வேலை செய்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். உயரத்தோடு விளையாடப் போகிறவர் நீரழுத்தமானி கட்டாயம் பொருத்த வேண்டும். உயர்த்திய பிறகு முழு வேகத்தில் முள் கீழே சரிந்தாலோ துடித்தாலோ, அந்த உயரம் வேண்டாம். வேகம் எவ்வளவு கூடியிருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது பிடிப்பு. தட்டு பரப்பை நெருங்கும்போது காற்று இறக்கையை எட்ட வேண்டிய தூரம் குறைகிறது. வளைவில் திரும்பும்போதும் ஓட்டத்தைத் தொடங்கும்போதும் வென்டிலேஷன் முதலில் தலைகாட்டும். ப்ரொப்பெல்லரும் உயரமும் கைகோக்கும் இடம் இதுதான். சாதாரண அலுமினிய ப்ரொப்பெல்லர் தாங்காத உயரத்தைக் கப், ரேக் உள்ள ஸ்டீல் ப்ரொப்பெல்லர் தாங்கும். அதனால்தான் நல்ல ப்ரொப்பெல்லர் வாங்கி மோட்டாரைப் பழைய ஆழத்திலேயே விட்டுவைத்தவர் பாதிப் பலனை இழக்கிறார்.

மூன்றாவது ஸ்டீயரிங். மோட்டார் உயர்ந்தால், பரப்பை ஒட்டி மேலே இருக்கும் இறக்கையைவிடக் கீழே இருக்கும் இறக்கை அதிகம் பிடிக்கும். அதனால் படகின் பின்பகுதியை ஒரு பக்கம் இழுக்கும் விசை கூடும். கை வலிக்கும் அளவு ஸ்டீயரிங் இழுத்தால் அது எச்சரிக்கை. தளர்ந்த கேபிளோடு வேகம் கூட்டவே கூடாது.

தட்டு சரியான இடத்தில் இருக்கிறதா என்று கண்ணாலும் பார்க்கலாம். படகு நீர்மேல் எழும்பி நேராக ஓடும்போது தட்டு பரப்பை ஒட்டி, மேலே மெல்லிய நீர்ப்படலம் ஓடுகிற நிலையில் தெரிய வேண்டும். ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. இன்னொருவர் பார்க்கட்டும்.

சுருக்கமாக, மோட்டாரைத் தூக்குவது இழுவையைக் குறைக்கும். குளிர்நீர், பிடிப்பு, ஸ்டீயரிங் மூன்றில் எது முதலில் தடுக்கிறதோ அங்கே நிற்க வேண்டும்.

## ட்ரிம் இதற்கு மாற்று ஆகாது

பொத்தானை அழுத்தி மோட்டாரின் சாய்வை மாற்றுவது ட்ரிம். அது கோணத்தை மாற்றும், உயரத்தை அல்ல. வெளிப்பக்கம் சாய்த்தால் அணியம் எழும்பும், படகு இலகுவாகும். அளவு மீறினால் அணியம் குதிக்கத் தொடங்கும். மிகத் தாழ்ந்து நிற்கும் மோட்டாரை ட்ரிம்மால் சரிக்கட்ட முயல்பவர்கள், ப்ரொப்பெல்லரின் தள்ளுவிசையில் ஒரு பங்கை வானத்தை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். முதலில் உயரம், ட்ரிம் அதற்குப் பிறகு.

## மீன்பிடி ஃபைபர் படகுகளுக்கு

தமிழகக் கடற்கரையில் பெரும்பாலான அவுட்போர்டுகள் சிறிய மோட்டார்களோடு மீன்பிடி ஃபைபர் படகுகளில்தான் இருக்கின்றன. மேலே சொன்ன உயர விளையாட்டு அவர்களுக்குப் பொருந்தாது. வலை, ஐஸ், ஆட்கள் என்று போகும்போது ஒரு பாரம், திரும்பும்போது வேறு பாரம். அலையில் பின்பகுதி எழும்பும்போதெல்லாம் உயர்த்திய மோட்டார் காற்றைக் குடிக்கும். அங்கே தட்டு அடிப்பாகத்தோடு சமமாகவோ சற்றுக் கீழேயோ இருப்பதே நல்லது. பிட்சைப் பாரம் ஏற்றிய படகை வைத்தே முடிவு செய்ய வேண்டும். காலிப் படகில் வேகம் பார்த்து வாங்கிய ப்ரொப்பெல்லர், பாரத்தோடு இன்ஜினைத் திணறடித்து எண்ணெய்ச் செலவையும் ஏற்றிவிடும்.

இன்னொன்று. வேகம் குறைந்ததும் பிட்சைச் சந்தேகிக்கும் முன் ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தண்டில் தங்கூசி நூல் சுற்றிக்கிடந்தால் அது ஆயில் சீலை வெட்டி, கியர் எண்ணெயில் கடல்நீரைக் கலந்துவிடும்.

## எப்படிச் சோதிப்பது

அமைதியான நீர்நிலை, வழக்கமான பாரம், ஒரே அளவு எரிபொருள், சுத்தமான அடிப்பாகம். ஒரே தடத்தில் இரு திசையிலும் ஓடி சராசரி எடுக்க வேண்டும். காற்றும் நீரோட்டமும் செய்யும் ஏமாற்று அப்போதுதான் கழியும். ஒவ்வொரு முறையும் ஆர்.பி.எம்., ஜி.பி.எஸ். வேகம், நீரழுத்தம் மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். உயரத்தையும் ப்ரொப்பெல்லரையும் ஒரே நாளில் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

முதலில் தட்டை அடிப்பாகத்தோடு சமமாக வைத்து, இன்ஜின் எல்லையை எட்டும் பிட்சைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் ஒரு துளை உயர்த்திப் பார்க்க வேண்டும். மேலே எடுத்த உதாரணத்தையே தொடர்வோம்.

தொடக்கத்தில் 5500 சுற்று, 62 கி.மீ., ஸ்லிப் 13. ஒரு துளை உயர்த்தியதும் 5600 சுற்று, 64 கி.மீ. என்று வந்தால் கணக்கு வேகம் 72.5, ஸ்லிப் 12-க்குக் கீழே. இழுவை குறைந்திருக்கிறது, பிடிப்பு குறையவில்லை. இது உண்மையான லாபம். இன்னொரு துளை உயர்த்தினால் 5850 சுற்று, வேகம் அதே 64 என்று வைத்துக்கொள்வோம். கணக்கு வேகம் 75.8 ஆகிறது, ஸ்லிப் 15-ஐத் தாண்டுகிறது. சுற்று எகிறியதைப் பார்த்து மகிழ வேண்டாம், இறக்கை காற்றைக் குடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த இடத்தில் இரண்டு வழிகள். ஒரு துளை கீழே இறங்கி அங்கேயே நிற்கலாம். அல்லது அதே உயரத்தில் கப் கூடிய ப்ரொப்பெல்லரை முயலலாம். அது சுற்றைக் கொஞ்சம் இறக்கி, பிடிப்பைத் திருப்பித் தரும். வேகம் கூடினால் சரி, கூடாவிட்டால் முதல் வழிதான்.

உயர்த்தியதால் சுற்று எல்லையின் உச்சியை நெருங்கிவிட்டது, ஸ்லிப்போ நன்றாகவே இருக்கிறது என்றால், இப்போதுதான் பிட்சைக் கூட்டும் நேரம். தொடக்கத்தில் இன்ஜினைத் திணறடித்த அதே 19 பிட்ச், இழுவை குறைந்த பிறகு பொருந்தக்கூடும்.

ப்ரொப்பெல்லர் மாற்றும்போது சாவியையும் அவசர நிறுத்தக் கயிறையும் (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் கயிறு) கழற்றிவிட்டு, இறக்கைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை வைத்து நட்டைத் திருக வேண்டும். ப்ரொப்பெல்லருக்கு முன்னால் தண்டில் இருக்கும் தடித்த வளையமான த்ரஸ்ட் வாஷரைப் பழைய திசையிலேயே போட வேண்டும். தண்டின் பள்ளங்களில் நீருக்கு அசையாத கிரீஸ் பூச வேண்டும். ஓட்டும்போது அந்தக் கயிறு உடம்பில் கட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த வேகப் படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் இது சட்டமாகவே இருக்கிறது.

கழற்றிய பழைய ப்ரொப்பெல்லரை விற்றுவிட வேண்டாம். ஒரு நட்டு, ஒரு வாஷர், இரண்டு ஸ்ப்ளிட் பின், பொருந்தும் ஸ்பேனர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பையில் கட்டிப் படகிலேயே வைத்திருங்கள். கரைக்குத் தூரத்தில் இறக்கை உடைந்தால், வேகம் குறைவாக இருந்தாலும் வீடு கொண்டுவந்து சேர்ப்பது அதுதான்.